பால்கறை படிந்த துணி

நாயின் கழுத்துக்கு ஒரு துணி தைப்பது அப்படியொன்றும் பெரிய செயலன்று. ஓரடித் துணி, ஓர் ஊசி, சிறிது நூல், ஒரு மாலைப்பொழுது ஆகியவை இருந்தால் போதும். இன்று நகரத்துக் கடைகளில் பூப்போட்டவையும் கட்டம் போட்டவையுமாக அத்தகைய துணிகள் விலைக்குக் கிடைக்கின்றன. வசதி படைத்தோர் வீட்டு நாய்கள் அவற்றை அணிந்து உலா வருகின்றன. ஆயினும், 2016ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்துத் தோட்டமொன்றில் மூதாட்டி ஒருவர் தைத்த துணி அழகுக்காகத் தைக்கப்பட்டதன்று. ஓர் உயிர் பிழைத்திருக்க வேண்டுமே என்னும் கவலையில் தைக்கப்பட்டது அது.

அத்தோட்டம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பிறகு ரப்பர் மரங்கள் விழுந்தன, செம்பனை எழுந்தது. அதன் பின்னர் நிலம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. லயங்களில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற வேண்டியதாயிற்று. மூதாட்டியின் மகனுக்கு நான்காம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. குடியேறுவோர்க்குக் கொடுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, நாய் வளர்க்கக் கூடாது என்பது.

வீரனுக்கு அப்பொழுது வயது ஒன்பது. நெற்றி முதல் வால் நுனி வரை கருப்பு. மூதாட்டி உதிரிப் பழம் பொறுக்கச் செல்லும்போதெல்லாம் அவருக்கு முன்னே ஓடிப் புதரை மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். பாம்பு இல்லை, வரலாம் என்பது அப்பார்வையின் பொருள் என்று அவர் சொல்லுவார். வீரனுக்கு முன்பு அவ்வீட்டில் வளர்ந்த நாய்களும், அவர் பால்மரம் சீவிய காலத்தில், விடியலுக்கு முந்திய இருளில் அவருக்குத் துணையாக நடந்தவையே.

லயங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. மனிதர் வண்டியேறினர், நாய்கள் வாசலிலேயே கிடந்தன. சில நாள்களில் அவை கூட்டமாக அலையத் தொடங்கின. முந்திய ஆண்டில்தான், அதாவது 2015ஆம் ஆண்டில், பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியிருந்தது. உரியவர் இல்லாத நாயைக் கண்டாலே மக்கள் அஞ்சினர். நாய் பிடிப்பவர்களின் வண்டி தோட்டத்துச் செம்மண் சாலையில் வந்து போயிற்று. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அந்நோய் முற்றியபின் பிழைத்தவர் மிக அரியர். ஆனால், எது உரியவர் உள்ள நாய், எது இல்லாத நாய் என்பதைத் தொலைவிலிருந்து எவ்வாறு அறிவது?

தோட்டத்தின் எல்லையில் காய்கறி பயிரிட்டு வந்த சீன முதியவர் ஒருவர் வீரனை ஏற்றுக்கொள்ள இசைந்தார். தடுப்பூசி போடப்பட்டது. அவர் பெயரில் உரிமமும் எடுக்கப்பட்டது. உரிமத் தகடு கழுத்துப்பட்டையில் தொங்கியது. எனினும், கருப்பு நாயின் கழுத்தில் கருப்புப் பட்டையும் விரலளவுத் தகடும் யார் கண்ணில் படும்? அன்றிரவு மூதாட்டி தம் பழைய தகரப் பெட்டியைத் திறந்தார்.

பெட்டியின் அடியில் அவருடைய தலைத்துணி கிடந்தது. பால்மரம் சீவிய நாள்களில் அவர் கட்டிய மஞ்சள் நிறப் பருத்தித் துணி அது. அதில் ஆங்காங்கே ரப்பர்ப் பால் பட்டுக் காய்ந்து, கருத்த கறைகள் படிந்திருந்தன. துணியில் காய்ந்த ரப்பர்ப் பாலை எந்தச் சோப்பும் போக்காது. நல்ல புடவைகள் பல இருக்க, இந்தக் கறைத்துணியை எடுத்தது ஏன் என்று ஐந்தாம் ஆண்டில் பயிலும் பேத்திக்கு விளங்கவில்லை.

“பாட்டி, சிவப்புத் துணியில தைக்கலாமே. பளிச்சென்று தெரியுமே?” என்றாள் சிறுமி.

“நமக்குத் தெரியும் கண்ணு. அதுக்குத் தெரிய வேண்டாமா?” என்றார் மூதாட்டி.

அவர் நூல் எதையும் படித்தவரல்லர். ஆயினும் அவர் கூறியதில் உண்மை இருந்தது. நாயின் கண் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில்லை. மஞ்சளையும் நீலத்தையும் அறியும். கண்ணினும் கூர்மையானது அதன் மூக்கு. அத்துணியில் தம் வாடை இருக்கும் என்பதே மூதாட்டியின் எண்ணம்.

பேத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். மூதாட்டி முதலில் வீரனின் கழுத்தை ஒரு கயிற்றால் அளந்தார். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரு விரல் நுழையும் இடம் விட்டு, 15 அங்குலம் என்று கண்டார். தலைத்துணியிலிருந்து ஓரடிச் சதுரம் ஒன்றை வெட்டி, அதை மூலைக்கு மூலை மடித்து, மடிப்பின் வழியே கத்தரித்தார். கிடைத்த முக்கோணத்தின் நீண்ட விளிம்பு ஏறத்தாழ 17 அங்குலம் இருந்தது. இப்படிக் குறுக்காக வெட்டிய விளிம்பு இழுத்தால் நீண்டு கோணிக்கொள்ளும். ஆகவே, துணியை இழுக்காமல், மேசைமேல் கிடத்தியே தைக்க வேண்டும் என்று பேத்திக்குக் காட்டினார். மற்ற இரு விளிம்புகளையும் நூல் பிரியாதபடி இருமுறை மடித்துத் தைத்தார். நீண்ட விளிம்பை மட்டும் 2 அங்குலம் உள்ளே மடித்து, பக்கங்களில் துருத்திய முனைகளை வெட்டி ஒழுங்கு செய்து, ஒரு குழாய் போல் தைத்தார். அக்குழாயின் வழியாகக் கழுத்துப்பட்டை நுழைந்து வெளிவந்தது. துணி 12 அங்குலம் மறைத்தது. எஞ்சிய 3 அங்குலத்தில் கொக்கியும் உரிமத் தகடும் வெளியே தெரிந்தன.

“முடிச்சுப் போட்டுக் கட்டினால் போதாதா பாட்டி?”

“முடிச்சு வேலியில மாட்டினா இறுகிக்கும் கண்ணு. அவிழ்த்துவிட நான் பக்கத்தில இருக்க மாட்டேனே.”

அதற்கு மேல் சிறுமி ஒன்றும் கேட்கவில்லை.

இத்துணியை ஆங்கிலத்தில் ‘பந்தானா’ என்பர். கட்டுதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்க்கும் முறையையே அது முதலில் குறித்தது. நம் மதுரைச் சுங்குடியும் அம்முறையில் உருவானதே. தமிழில் வழங்கும் பந்தம், பந்தனம் என்னும் சொற்களும் அவ்வேரைச் சேர்ந்தவை. 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிய பழவேற்காட்டுத் துறையிலிருந்து துணிகள் கப்பலேறிக் கீழைத் தீவுகளுக்கு வந்தன. அத்துறையின் பெயராலேயே வண்ணக் கைக்குட்டையை அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. கட்டும் துணிக்கும் கட்டுண்ட உறவுக்கும் ஒரே சொல் வழங்குவதில் வியப்பில்லை.

குடிபெயரும் நாள் வந்தது. சாமான்கள் ஏற்றப்பட்ட வண்டியின் பின்னே வீரன் ஓடிவந்துவிடக் கூடாதென்று, காலையிலேயே அதைக் காய்கறித் தோட்டத்தில் கட்டிவிட்டனர். மூதாட்டி விடைபெறச் செல்லவில்லை. வண்டி எல்லை வளைவைக் கடந்தபோது மட்டும் தலையைத் திருப்பினார். பச்சைக் கீரைப் பாத்திகளுக்கு நடுவே மஞ்சள் நிறமாக ஏதோ அசைவது தெரிந்தது. நாய் தெரியவில்லை, துணி தெரிந்தது.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, தீபாவளிக்கு முந்திய வாரத்தில், பேத்தியை அழைத்துக்கொண்டு அவர் அங்குச் சென்றார். வீரன் கழுத்தில் பட்டை மட்டுமே இருந்தது. துணியைக் காணோம். அது குதித்து வந்து அவர் காலைச் சுற்றியபோதும் மூதாட்டியின் முகம் தெளியவில்லை. அதைக் கண்ட தோட்டக்காரர், தம் குடிசையின் பின்புறத்தைச் சுட்டினார். அங்கே கொடிக் கயிற்றில், அவருடைய சட்டைகளுக்கு அருகில், அம்மஞ்சள் துணி துவைத்துக் காயப் போடப்பட்டிருந்தது. ஈரத்துணி கழுத்தில் கிடந்தால் நாய்க்குத் தோல் புண்ணாகும் என்பதால், மழை நாள்களில் கழற்றிவிடுவதாக அவர் மலாய் மொழியில் கூறினார். நாய் பிடிப்பவர்கள் இருமுறை வந்ததாகவும், துணியைக் கண்டு வண்டியை நிறுத்தாமல் சென்றதாகவும் சொன்னார்.

மூதாட்டி துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் நாலைந்து தையல்கள் விட்டிருந்தன. மஞ்சள் வெளுத்திருந்தது. பால்கறை மட்டும் அப்படியே இருந்தது. அவர் முந்தானையில் செருகி வந்திருந்த ஊசியை எடுத்தார். அதற்குள் பேத்தி கையை நீட்டினாள்.

“கொடுங்க பாட்டி, நான் தைக்கிறேன்.”

வரப்பில் அமர்ந்து, துணியை இழுக்காமல், மடியில் கிடத்தி, சிறுமி விட்டுப்போன இடங்களைத் தைக்கத் தொடங்கினாள். வீரன் அவளருகே படுத்து, துணியின் நுனியை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டது.