காஞ்சி டு வேடந்தாங்கல்... பறவைகளோடு ஒரு சைக்கிள் பயணம்!

காஞ்சிபுரம் என்றதும் கோயிலும் பட்டுப்புடவையும் இட்லியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊருக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் சாலையில் சைக்கிளை மிதித்தால், சுமார் 50 கிலோமீட்டரில் வேடந்தாங்கல் வந்துவிடும். காரில் போகிறவர்கள் ஏரிக்கரைக்குப் போய்த்தான் பறவைகளைப் பார்க்க வேண்டும். சைக்கிளில் போகிறவர்களுக்கோ வழியெல்லாம் பறவைகள்!

மழை பெய்து ஏரிகள் நிறைந்த ஆண்டில், நவம்பர் முதல் மார்ச் வரை இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் அந்த நேரத்தில்தான் பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அங்கே இறங்கி, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. கோயில் பக்கம் குரங்குகள் உண்டு. வாழைப்பழப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். தெருநாய் துரத்தினால் வேகமெடுக்க வேண்டாம். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விலகிவிடும்.

வழியில் செய்யாற்றங்கரையில் மாகறல். இங்குள்ள மாகறலீஸ்வரர், உடும்பின் வாலைப் போன்ற லிங்க வடிவில் இருக்கிறார். சோழ மன்னன் துரத்திய பொன் உடும்பு புற்றுக்குள் மறைந்ததாகச் சொல்கிறது தலபுராணம். நிஜ உடும்போ, கீரியோ, பாம்போ சாலையைக் கடந்தால் நின்று வழிவிடுங்கள். அது அவற்றின் ஊர்!

அடுத்து உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, பல்லவர் காலத்திலேயே வெட்டப்பட்ட பெரிய ஏரியின் கரையில் இளைப்பாறலாம். புதிதாக நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் இதோடு திரும்பிவிடுவதும் நல்லதுதான்.

நிழலில் சைக்கிளை நிறுத்தும்போது மேலே ஒருமுறை பாருங்கள். வேப்பமரமும் கருவேலமரமும் பட்டை வெடித்த இடத்தில் பிசின் வடிக்கும். அது சீட்டில் ஒட்டினால் கவலை வேண்டாம். இந்த இரண்டும் நீரில் கரையும். ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டுவைத்துத் துடைத்தால் போதும். ஆலமரப் பாலும் பலாப் பாலும் அப்படியல்ல; தண்ணீருக்கு மசியாது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்பு போட வேண்டும். மாங்காய்க் காம்பில் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும் என்பதால் உடனே கழுவிவிடுங்கள். பிசினில் மண் சேர்ந்து செயினில் அப்பினால் மிதிப்பதே பாரமாகிவிடும். சாலையோரம் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளுக்காக பஞ்சர் கிட்டும் அவசியம்.

உத்திரமேரூரைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். வயல்களில் நத்தை குத்தி நாரை சேற்றைக் கிளறும். அரிவாள் மூக்கன் உழுத நிலத்தில் புழு தேடும். மின்கம்பியில் கரிச்சானும் பனங்காடையும் உட்கார்ந்திருக்கும். வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளில் பல, குஞ்சுகளுக்கு இரை தேடி வருவது இந்த வயல்களுக்கும் சுற்றியுள்ள ஏரிகளுக்கும்தான்.

அதனால்தான் 1998-ல் வந்த அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. டிக்கெட் கவுன்ட்டருக்கு வெகு முன்பே சரணாலயம் தொடங்கிவிடுகிறது! 2020-ல் இந்த எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது பறவை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கூட்டை மட்டும் காப்பாற்றி, இரை தேடும் வயலை விட்டுவிட்டால் குஞ்சுகள் எப்படிப் பிழைக்கும் என்பதே அவர்களின் கவலை.

ஊர்க்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த கணக்கு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம். அதனால், 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் இவர்கள். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசும் வெடிப்பதில்லை. வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன.

மாலை 4 மணிக்கு மேல் ஏரிக்கரையில் இருங்கள். கூழைக்கடாவும் நாரைகளும் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும். இருட்டில் சைக்கிளில் திரும்ப வேண்டாம். மதுராந்தகத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கிளம்பலாம். வழியில் ஹாரனும் பாட்டும் வேண்டாம். நீங்கள் சத்தமில்லாமல் போனால், வயலில் இரை தேடும் நாரை தலையைக்கூடத் தூக்காது!