கொச்சிப் பற்று

அக்டோபர் 27, திங்கள்

விருதுநகரில் மண்டியை மூடியபோது, "வேணுங்கிறத எடுத்துக்கோங்க" என்றார் முதலாளியின் மகன். 26 வருஷம் கணக்கு எழுதியவன் எடுத்து வந்தது, எழுதாத பேரேடு ஒன்று. அதில்தான் இதை எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரிக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு குடோன். மாடியில் எனக்கு ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் காயல், மூடினால் சுக்கு நெடி.

விருதுநகரில் நான் எழுதிய ஒவ்வொரு பேரேட்டிலும் 'கொச்சி' என்று ஒரு பக்கம் இருக்கும். மல்லி, வத்தல், உளுந்து லாரியில் ஏறினால் பற்று. பணம் வந்தால் வரவு. கொச்சி எனக்கு அந்த ஒரு பக்கம்தான். இன்று இங்கே கணக்கைப் புரட்டினால் 'விருதுநகர்' என்று ஒரு பக்கம் வருகிறது. எழுத்து மலையாளம் என்பதால் தலைப்பை இன்னொருவர் படித்துச் சொன்னார். தொகைகளை நானே படித்தேன்.

குடோன் முதலாளி சேட்டு என்னை வேலைக்கு எடுக்கும்போது கேட்ட முதல் கேள்வி: "கேரளத்துல வேலை பாத்த அனுபவம் உண்டா?" சிரித்துவிட்டேன். கோபித்திருப்பார். கனடாவில், பிராம்டனில் படிக்கிற என் மகனிடமும் (தம்பி என்றுதான் கூப்பிடுவேன்) போகிற இடமெல்லாம் 'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்' கேட்கிறார்கள். அப்பனிடமும் மகனிடமும் ஒரே மாதத்தில் ஒரே கேள்வி.

அக்டோபர் 29

ஹோட்டலில் ரோஸ் நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். டம்ளரைக் கழுவவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சியதாம்.

நவம்பர் 3, திங்கள்

தம்பியின் போன் ராத்திரி ஒன்பதரைக்கு வரும். அங்கே அது நடுப்பகல், சாப்பாட்டு இடைவேளை. நேற்று வரவில்லை. ஒன்பதரையிலிருந்து பத்தரைவரை என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத வேண்டாம்.

பத்தரைக்கு வந்தது. "கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வச்சுட்டாங்கப்பா. மார்ச்ல திரும்ப முன்னால தள்ளுவாங்களாம்." ஒன்பதரை மணி வித்தியாசம் இப்போது பத்தரை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டான்.

இன்று மத்தியானம் யூதத் தெரு வரை நடந்தேன். பரதேசி சினகாக், 1568இல் கட்டியது. எங்கள் ஊரில் பரதேசி என்றால் திட்டு. இங்கே வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள் என்று மட்டும் அர்த்தம். பக்கத்திலேயே மணிக்கூண்டு. ஒரு முகத்தில் ரோமன் எண்கள், இன்னொரு முகத்தில் எபிரேய எண்கள். வாசலில் டிக்கெட் கொடுப்பவர் சொன்னார்: தெருக்காரர்கள் 1948க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இஸ்ரேல் போய்விட்டார்கள், அங்கே அவர்களுக்குப் பெயர் 'கொச்சினிம்'. இத்தனை நூற்றாண்டு இங்கே பரதேசி, அங்கே போனதும் கொச்சிக்காரன்.

நவம்பர் 6

பஸ்ஸில் கண்டக்டர் "பாண்டிக்குடி, பாண்டிக்குடி" என்று கத்தினார். என்னைத்தான் பாண்டி என்கிறாரோ என்று விருட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஸ்டாப்பின் பெயர்.

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கம் வராது.

வந்த முதல் நாளே சுமட்டுத் தொழிலாளி ஒருவர் "அண்ணாச்சி, மாறி நில்லு" என்றார். குரல் கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் அண்ணாச்சி என்றாரே என்று மனசு குளிர்ந்தது. விருதுநகரில் அது சும்மா கிடைக்கிற பேர் இல்லை. மண்டி முதலாளிக்கு அண்ணாச்சி. சங்கத் தலைவருக்கு அண்ணாச்சி. கணக்கப்பிள்ளையான என்னைக் கடைசி ஐந்தாறு வருஷம்தான் அப்படிக் கூப்பிட்டார்கள்.

இன்று டீக்கடையில் நின்றேன். பழைய பேப்பர் எடுக்கிற தள்ளுவண்டிக்காரர் வந்தார், சேலம் பக்கம். "அண்ணாச்சிக்கு ஒரு சாயா." பின்னால் தேங்காய் பறிக்க வந்த பையன், இருபது வயசு இருக்காது. அவனும் அண்ணாச்சி. அப்புறம் என்னைப் பார்த்து, அதே தொனியில், "அண்ணாச்சிக்கு?"

மரியாதை இல்லாமல் எதுவும் சொல்லவில்லை. டீ நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்று வாரமாக வரவில் எழுதி வைத்திருந்த ஒன்று வரவே இல்லை என்று தெரிந்தது.

குடோனில் சுக்கு பொறுக்க ஒரு பையன் புதிதாக வந்திருக்கிறான். அசாம், ஜோர்ஹாட் பக்கம் என்றான். இந்தி பேசுகிறான். எனக்கு இந்தியில் எண்கள் மட்டும்தான் தெரியும். அவனுக்கும் எனக்கும் அது போதுமாக இருக்கிறது.

நவம்பர் 12

ராத்திரி துலாவர்ஷ மழை, இடி. சுக்குச் சாக்குகளில் ஈரம் ஏறியிருக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

வெள்ளைச் சட்டை நாலு அழுக்காகக் கிடந்தது. வீட்டுக்கார அம்மா, "வேளிக்குப் போங்கள், தோபிகானாவில் உங்கள் ஆட்கள்தான்" என்றார். உங்கள் ஆட்கள். அவர்கள் கொங்கணி வீடு. போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவிலிருந்து தப்பி வந்த வழி. வீட்டுக்குள் கொங்கணி, வாசலில் மலையாளம், என்னிடம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

ஃபோர்ட் கொச்சி வேளி வரைக்கும் நடந்தேன். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், கல்லில் அறையும் சத்தம். வெளியே மைதானம் முழுக்கக் கொடிகள். கிளிப் ஒன்றுகூட இல்லை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி போகாது.

தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தமிழில் கேட்டார், "எந்த ஊரு?" சொன்னேன். "பேரு கேட்டிருக்கேன்" என்றார். டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்துச் சீருடைகளைத் துவைக்கக் கூட்டி வந்த வண்ணார்கள் இவர்கள். முந்நூறு வருஷம் ஆகப்போகிறது. முன்பு குளங்களில் துவைத்தார்களாம். இந்த இடத்தை 1976இல்தான் கட்டிக் கொடுத்தார்கள். கஞ்சி இன்னும் அரிசிக் கஞ்சிதான்.

"ஊர்ல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்த ஊர்ல?"

"உங்க ஊர்ல."

"இதானே ஊரு." பெட்டியைச் சட்டை மேல் ஓட்டியபடியே சொன்னார். அவர் தமிழில் பாதி மலையாளம். அதை வைத்துக்கொண்டு விருதுநகர் கடைத்தெருவில் ஒரு படி உளுந்து வாங்கினால், மலையாளத்துக்காரர் என்று விலையை ஏற்றுவார்கள். "ஆனா பாத்துக்கோங்க, இன்னிக்கும் யாராச்சும் வழி கேட்டா, 'தமிழன்மாரோட எடம்'னுதான் சொல்லுவாங்க."

"வருத்தமா இல்லையா?"

"துணி வருதே" என்றார்.

சட்டை விறைப்பாக இருந்தது. நாலுக்கும் காசு கொடுத்து, நடந்தே திரும்பினேன்.

ராத்திரி தம்பி கேட்டான், "பழக எத்தன நாளாகும்ப்பா?" அவன் இருப்பது ஒரு வீட்டின் தரைக்குக் கீழே உள்ள அறை, நாலு பேர். ஜன்னலில் ஆட்களின் கால் மட்டும் தெரியுமாம். படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வெளி வேலை பார்க்கலாம், அந்த வேலையும் கிடைக்கவில்லை. இங்கிருந்து நாம் கட்டிய 20,635 டாலரை அந்த ஊர் வங்கி மாதாமாதம் பிரித்து, சம்பளம்போல அவனுக்கே கொடுக்கிறது. கடன் வாங்கிய காசு, வட்டி இங்கே ஓடுகிறது.

முந்நூறு வருஷம் என்று வாய்வரைக்கும் வந்தது.

"ஆறு மாசம்" என்றேன்.

டிசம்பர் 2

தவணை கட்டியாயிற்று. வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கையில் 1,140 ரூபாய்.

டிசம்பர் 4

ஈரம் ஏறிய சாக்கு பதினொன்று. பெங்காளியை விட்டு எல்லாவற்றையும் முற்றத்தில் காயப்போட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று சிரித்தேன், அதனால் எழுதுகிறேன்.

தம்பி போனைத் தெருப் பக்கம் திருப்பிக் காட்டினான். "அப்பா, பனி கொட்டுது பாருங்க!" அவ்வளவு சந்தோஷம் அவன் குரலில் கேட்டு நாளாயிற்று. வெள்ளை வெளேரென்று, எங்கள் சின்ன வயசில் பஞ்சு மில் வாசலில் பறக்கிற மாதிரி. நானும் "பனியா? எவ்வளவு பனி!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டி வீட்டுக்கார அம்மா: "மோனு பனியோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "ஆமா, பனி, நிறைய பனி" என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் போன போக்கு! பத்து நிமிஷத்தில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியோடு வந்தார். பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, கடல் கடந்து இருக்கிறான். அப்பனாவது குடிக்கட்டும் என்று நினைத்திருப்பார் போல. விளக்கிச் சொல்ல வார்த்தை தேடினேன். வார்த்தை கிடைப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்று குடித்துவிட்டேன். பகல் முழுக்க சுக்கு நெடியில் இருப்பவனுக்கு, ராத்திரியும் சுக்கு.

அவனுக்காக நான் குடித்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது? சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைக்கிறேன்.

டிசம்பர் 31

ஃபோர்ட் கொச்சியில் நடு ராத்திரி பப்பாஞ்ஞியை எரிக்கிறார்கள். போகிற வருஷத்துக்கு அடையாளமாக ஒரு கிழவன் பொம்மை. ஊரே போகிறது. நான் போகவில்லை.

ஜனவரி 3

ஜனவரி 1 முதல் ஒண்டாரியோவில் புதுச் சட்டமாம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடங்களில், வேலை விளம்பரத்தில் 'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்' கேட்கக் கூடாது. தம்பி குதிக்கிறான். "நல்லது" என்றேன். விளம்பரத்தில் கேட்கமாட்டார்கள், முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார்கள் என்பதைச் சொல்லவில்லை.

ஜனவரி 9

ஒன்றுமில்லை.

ஜனவரி 15, வியாழன்

கேரளத்தில் ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கல் விடுமுறை உண்டு. எறணாகுளம் அதில் இல்லை. விடியற்காலை வீட்டுக்கு வீடியோ போட்டு, பானை பொங்குவதைப் பார்த்தேன். மனைவி "பொங்கலோ பொங்கல்" என்றாள். நான் மெதுவாகச் சொன்னேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

தம்பிக்கு ஈழத்துக்காரர் கடையில் வேலை கிடைத்துவிட்டது. சனி, ஞாயிறு மட்டும். அவர் பேசும் தமிழ் பாதி புரியவில்லையாம். கடையில் தைப்பொங்கல் கொண்டாட்டம். ஜனவரி மாதமே அங்கே தமிழ் மரபுத் திங்கள்; ஒண்டாரியோ 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் அறிவித்தது. ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிற எனக்கு இன்று வேலை நாள்.

குக்கரில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்து குடோனுக்குக் கொண்டுபோனேன். சேட்டு ஒரு வாய் சாப்பிட்டார். சுமட்டுக்காரர் "அண்ணாச்சி, கொள்ளாம்" என்றார். மிச்சத்தைப் பெங்காளியிடம் நீட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினான். அரிசி, வெல்லம் என்று விரலால் தொட்டுப் பார்த்தான். "எங்க வீட்லயும் இன்னிக்குப் பண்டிகை" என்றான், இந்தியும் மலையாளமும் கலந்து. "மாக் பிஹு. புது அரிசி. நேத்து ராத்திரி வயல்ல நெருப்பு போட்டிருப்பாங்க."

"வங்காளத்திலயா?"

"அசாம்" என்றான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். முதல் தடவை சொல்கிற மாதிரி.

மேசைக்குத் திரும்பினேன். டிசம்பர் கூலி வவுச்சர்கள் கட்டி வைத்திருந்தன. என் கையெழுத்தில், வாராவாரம்: 'பெங்காளி, சுக்கு பொறுக்கிய கூலி.' பக்கத்தில் அவன் கையெழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. கணக்கில் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பேனாவை எடுத்த பிறகுதான், எழுத அவன் பெயர் தெரியாது என்று தெரிந்தது.

கீழே இறங்கிப் பார்த்தேன். லாரி வந்துவிட்டது, அவன் சாக்குகளுக்கு நடுவில் இருந்தான். கூப்பிட வாய் எடுத்து, என்ன என்று கூப்பிடுவது என்று நின்றேன்.

நாளை கேட்க வேண்டும். இப்போது மணி பத்து இருபது.