நெருப்பு வண்டிக்கு நேரமாச்சு!

விமானத்தை விட்டு இறங்கி ரயிலைப் பிடிப்பது நம் மெட்ராஸில் பெரிய விஷயமே இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டால் எழும்பூர். இப்போது மெட்ரோவும் இருக்கிறது, சென்ட்ரலுக்கே போகலாம். பெட்டியைத் தூக்கத் தெம்பும், டாக்ஸிக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது தலையாட்டாமல் இருக்க வைராக்கியமும் இருந்தால் போதும்.

ஷாங்காய் கதை வேறு, ஸார். அங்கே பூதோங் விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது. அதிவேக ரயில்கள் பெரும்பாலும் கிளம்புகிற ஹோங்ச்சியாவ் ஸ்டேஷன் ஊருக்கு மேற்கே. நடுவில் ஹுவாங்பூ நதியும், சுமார் இரண்டரைக் கோடி ஜனங்களும். ரோடு வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அதாவது உங்களைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டு, 'எழும்பூரில் ரயில் நிற்கிறது, ஓடு' என்று சொல்கிற மாதிரி.

இதில் இன்னொரு வேடிக்கை. ஹோங்ச்சியாவிலும் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, ஒட்டிப் பிறந்த குழந்தை மாதிரி. அதில் இறங்கினால் நடந்தே போய் ரயில் ஏறலாம். ஆனால் அது பெரும்பாலும் உள்ளூர் விமானங்களுக்கு. சிங்கப்பூரில் மாறி வருகிற நமக்கெல்லாம் பூதோங்தான் என்று தலையில் எழுதியிருக்கிறது.

எனக்கு அங்கே என்ன வேலை? எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை சித்தப்பாவுக்கு.

சித்தப்பா மதுரையில் விளக்குத்தூண் பக்கம் முப்பத்தோரு வருஷமாக ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறார். வளையல், ஒட்டுப் பொட்டு, ஹேர் க்ளிப், சாவி கொடுத்தால் ஓடும் குரங்கு. ஒரு காலத்தில் சித்திரைத் திருவிழா சமயம் கடைக்குள் கால் வைக்க முடியாது. இப்போது வருகிறவர்கள் க்ளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே க்ளிப்பை செல்போனில் தேடி, "அண்ணே, இதுல பதினஞ்சு ரூபா கம்மியா இருக்கே" என்கிறார்கள். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் செட்டிலாகிவிட்டான். சித்தி, "பேசாம கடையை வாடகைக்கு விட்டுட்டு வீட்டுல இருங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா வாய்தா கேட்டார். "ஒரே ஒரு தடவை நேர்ல போயி சரக்கு எடுத்துப் பாக்குறேன். அதுக்கும் தேறலைன்னா ஷட்டரை இறக்கிருவோம்."

சரக்கு எடுக்கிற இடம் யீவூ. உலகத்து ஹேர் க்ளிப்புக்கெல்லாம் பிறந்த வீடு. ஒரே மார்க்கெட்டில் எழுபத்தைந்தாயிரம் கடைகள். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். சித்தப்பா தன் டைரியில் 'ஈவு' என்றே எழுதியிருந்தார். "ஈவுத்தொகை கிடைக்குமா, ஈவு இரக்கமில்லாம உரிச்சிருவானான்னு போய்த்தான்டா பாக்கணும்" என்றார்.

துணைக்கு நான். எனக்கு இங்கிலீஷ் பேச வரும் என்பது தகுதி. ஷாங்காயில் அந்தத் தகுதி பாஸ்போர்ட் கவுன்ட்டரோடு முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

2025 நவம்பரில் ஒரு காலை வேளை. பெட்டிகளோடு வெளியே வரும்போது மணி 10.05. எங்கள் ரயில் 12.04-க்கு. அதை விட்டால் அடுத்த ரயில் இல்லாமலில்லை. டிக்கெட்டையும் அன்றைக்கே வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யீவூவில் எங்களுக்காக ஒரு மொழிபெயர்ப்புப் பெண் நாள் கூலிக்குக் காத்திருந்தாள். மார்க்கெட்டை மாலையில் மூடிவிடுவார்கள். சித்தப்பா கையில் இருந்தது மொத்தமே இரண்டரை நாள். அதில் அரை நாளை பிளாட்பாரத்தில் தொலைக்க அவர் தயாராக இல்லை.

பி.காம். படித்தவன் முன்னால் நாலு வழிகளை வைத்தால் காஸ்ட் ஷீட் போடாமல் இருப்பானா? போட்டேன்.

டாக்ஸி என்றால் 200 யுவானுக்கு மேல். ஒரு யுவான் சுமார் 12 ரூபாய், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். டிராஃபிக் கடவுள் விட்ட வழி. அதோடு 'ஹோங்ச்சியாவ்' என்று மட்டும் சொன்னால் டிரைவருக்கு ஸ்டேஷனா, விமான நிலையமா என்று சந்தேகம் வரும். 'ஹுவோ-ச்ச-ச்சான்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ரயில் ஸ்டேஷன் என்று அர்த்தம். 'ஹுவோ' என்றால் நெருப்பு, 'ச்ச' என்றால் வண்டி. நாம் புகையைப் பார்த்துப் புகைவண்டி என்று பேர் வைத்தோம், அவர்கள் உள்ளே எட்டி நெருப்பைப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டுமே இல்லை, பேர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது மெட்ரோ இரண்டாம் நம்பர் லைன். பத்து யுவானுக்குள் முடிந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் நேரே ஹோங்ச்சியாவ் ஸ்டேஷன். ஆனால் ஊரையே ஊடுருவிக்கொண்டு, கிட்டத்தட்ட முப்பது ஸ்டேஷனில் நின்று நின்று போகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். உட்கார இடம் கிடைத்தால் மகாபாரதத்தில் பாதியை முடிக்கலாம். எங்களுக்கு நேரமில்லை.

மூன்றாவதுதான் வில்லங்கம். மாக்லெவ்! தண்டவாளத்தைத் தொடாமல் காந்தத்தில் மிதந்து போகிற ரயில். ஜெர்மன்காரன் தொழில்நுட்பம், 2004-ல் ஜனங்களுக்காக ஓட ஆரம்பித்தது. முப்பது கிலோமீட்டர், எட்டே நிமிஷம். டிக்கெட் 50 யுவான்.

அம்புக்குறியில் ரயில் படத்தைப் பார்த்ததும் சித்தப்பா நின்றுவிட்டார்.

"டேய், இதுதான்டா அது! மணிக்கு 431 கிலோமீட்டர்னு அப்பவே பேப்பர்ல போட்டிருந்தான். கத்தரிச்சு கல்லாப்பெட்டி மூடியில ஒட்டி வெச்சிருந்தேன். இதுலயே போயிருவோம்."

அறுபத்து மூன்று வயதுக்காரர், முழங்கால் வலி, ராத்திரி பூரா தூக்கமில்லை. முகம் மட்டும் பொருட்காட்சிக்கு வந்த பையன் மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் காஸ்ட் ஷீட்டுக்கு மனசு கிடையாதே?

"சித்தப்பா, அது ஹோங்ச்சியாவ் போகாது. லோங்யாங் ரோடுன்னு ஒரு எடத்துல இறக்கி விட்ரும். அங்க இறங்கி, பெட்டியைத் தூக்கிட்டு, மறுபடி அதே ரெண்டாம் நம்பர் மெட்ரோவுல முக்கால் மணி நேரத்துக்கு மேல போகணும்."

"உலகத்துலயே வேகமான ரயிலை விட்டவன் ஸ்டேஷன் வரைக்கும் விட மாட்டானா?"

நியாயமான கேள்வி. விடத்தான் நினைத்தார்கள். ஹோங்ச்சியாவ் வரைக்கும், அதற்கு அப்பால் ஹாங்ச்சோ நகரம் வரைக்கும் நீட்டத் திட்டம் இருந்தது. பாதையோரத்துக் குடியிருப்புக்காரர்கள், காந்த அலையும் இரைச்சலும் எங்களுக்கு வேண்டாம் என்று 2008 ஜனவரியில் வீதிக்கு வந்துவிட்டார்கள். திட்டம் கிடப்பில் போனது. ஆக, உலகத்திலேயே வேகமானது என்று பேரெடுத்த ரயில் பாதி வழியில் இறக்கிவிட்டு, 'இனி உன் பாடு' என்கிறது.

நாலாவது வழி புதுசு. விமான நிலைய இணைப்பு லைன். 2024 டிசம்பர் 27-ந் தேதி திறந்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். மொத்தமே ஏழு ஸ்டேஷன், நாற்பது நிமிஷம், 26 யுவான். நேரே ஹோங்ச்சியாவ் விமான நிலையத்தின் இரண்டாவது டெர்மினலில் கொண்டு போய் விடும். அங்கிருந்து ரயில் ஸ்டேஷனுக்கு உள்ளுக்குள்ளேயே நடை.

சித்தப்பா அம்புக்குறியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு வியாபாரி முழித்துக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதான்டா. சரக்கு கப்பல்லயோ, லாரியிலயோ லேட்டாகுறதில்ல. இறக்கி ஏத்துற எடத்துலதான் லேட்டாகும். வா, மாத்தாம போறதுலயே போவோம்."

ஷாங்காயில் ரயிலடி எதுவாக இருந்தாலும் உள்ளே நுழையும்போது பெட்டியை எக்ஸ்-ரே மெஷினில் போட வேண்டும். மெட்ரோவுக்கும் அப்படித்தான். என் பெட்டி போனது, வந்தது. சித்தப்பாவின் பெட்டி போனது, வரவில்லை. தொப்பி போட்ட பையன் திரையைப் பார்த்தான். பெல்ட்டைப் பின்னால் ஓடவிட்டு மறுபடி பார்த்தான். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டான். இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறக்கச் சொல்லி சைகை காட்டினார்கள்.

நாலு வேட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது ஒரு பித்தளைப் பாக்குவெட்டி.

வெற்றிலை பாக்கையெல்லாம் நான் மதுரையிலேயே பிடுங்கி வைத்துவிட்டேன். செடி கொடி சமாசாரம் சீனாவுக்குள் கொண்டு போனால் வம்பு. பாக்கில்லாத பாக்குவெட்டி எதற்கு?

"அப்பத்தா பாக்குவெட்டிடா அது" என்றார் சித்தப்பா மெதுவாக. "நான் மொதமொதல்ல கடை போட்டப்போ, கையில காசு இல்லைன்னு இதைக் கல்லாவுல வெச்சுக் குடுத்துச்சு. சரக்கெடுக்கப் போகையில இது இல்லாம போனதில்லை."

இதை நான் எந்த இங்கிலீஷில், யாருக்குச் சொல்வது? அவர்கள் இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆயுதமா, இடுக்கியா, வைத்தியச் சாமானா? சித்தப்பா வாயில் எதையோ போட்டு மெல்லுவது மாதிரி நடித்துக் காட்டினார். பையன் இன்னும் பயந்துவிட்டான். மணி 10.32. கீழே ஒரு ரயில் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மெட்ரோ மாதிரி நினைத்த நேரத்துக்கு அடுத்தது வந்துவிடாது, கால் மணி காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ஓரத்தில் நின்றிருந்த வயசான காவலர் வந்தார். பாக்குவெட்டியைக் கையில் வாங்கினார். அலகைத் திறந்தார், மூடினார். சித்தப்பாவைப் பார்த்து, "பின்லாங்?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தன் செல்போனில் எதையோ பேசித் திருப்பிக் காட்டினார். இங்கிலீஷில் வந்தது: 'பாக்கு. நான் ஹூனான்காரன். எங்கள் ஊரில் எல்லோரும் மெல்லுவார்கள்.'

ஹூனான் மாகாணத்தில் நம் ஊர் மாதிரியே பாக்குப் பழக்கம் உண்டு. கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கும். வாய்ப் புற்றுநோய் கவலையால் 2021-ல் டி.வி., ரேடியோவில் பாக்கு விளம்பரத்தையே தடை செய்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, அந்த மனுஷர் ஒரு ஸ்கேலை எடுத்து அலகை அளந்ததும், பையனிடம் ஏதோ சொன்னதும், பாக்குவெட்டியை இரண்டு கையாலும் சித்தப்பாவிடம் நீட்டியதும்தான்.

சித்தப்பாவும் இரண்டு கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற க்யூ இருமியது.

அடுத்த ரயிலில் ஏறினோம். பெரும்பாலும் பூமிக்கு அடியில்தான் போகிறது, பார்க்க ஒன்றுமில்லை. டிஸ்னிலேண்டுக்கான ஸ்டேஷனில் காது வைத்த தொப்பிக் குழந்தைகள் இறங்கினார்கள். சித்தப்பா அந்தத் தொப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன வெலை வரும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "எடுத்துட்டுப் போயி யாவாரம் ஆகலைன்னா என்னடா பண்றது?" என்றார்.

நான் ரயில் மேப்பைப் பார்க்கிற மாதிரி இருந்தேன்.

இறங்கும்போது 11.31. 'பக்கத்திலேயே' என்று நான் சொன்னது சீனக் கணக்கில் பக்கம். டெர்மினலிலிருந்து ரயில் ஸ்டேஷனுக்கு நடை... நடை... அப்படி ஒரு நடை. ஹோங்ச்சியாவ் என்றால் வானவில் பாலம் என்று அர்த்தம். பேர் வைத்தவர் இரண்டு பெட்டியோடு நடந்து பார்த்திருக்க மாட்டார். சித்தப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னால போடா, ரயிலை நிறுத்தி வை" என்றார். மதுரை ஜங்ஷன் ஞாபகம்! நான் முன்னால் போய் ரயில் ஏறினால் யீவூவில் க்ளிப் வாங்குவது யார்?

2010-ல் திறந்த ஸ்டேஷன் அது. 16 பிளாட்பாரம், 30 தண்டவாளம். கூரைக்குக் கீழே ஒரு சின்ன ஊரையே வைக்கலாம். மறுபடி எக்ஸ்-ரே. (பாக்குவெட்டியை இந்த முறை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.) எல்லோரும் மேல் மாடி ஹாலில்தான் காத்திருக்க வேண்டும். ரயில் வருகிற நேரத்தில் கேட் திறப்பார்கள், கிளம்புவதற்குச் சில நிமிஷம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஜன்னல் பக்கம் நின்று 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று சொல்லுகிற அத்தைகளுக்கு அங்கே இடமே கிடையாது.

உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டுப் பறந்துகொண்டிருந்தார்கள். நம்மிடம் காகித டிக்கெட்டும் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஓரத்தில் ஆள் நிற்கிற வழிக்கு ஓடினோம். அந்தப் பெண் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டை வைத்தாள். பச்சை விளக்கு. மணி 11.58. எங்களுக்குப் பின்னால் நாலே பேர். அப்புறம் கேட் மூடிக்கொண்டது.

யீவூ கதை தனிக் கதை. சித்தப்பா நாற்பது அட்டைப்பெட்டி சரக்கு எடுத்தார். அதில் ஆறு பெட்டி காது வைத்த தொப்பி. இதை எழுதும்போது எல்லாம் கடலில் வந்துகொண்டிருக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வந்துவிடும் என்று ஏஜென்ட் சத்தியம் செய்கிறார். சித்தி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது கையில் தாராளமாக நேரம் இருந்தது. ஹோங்ச்சியாவிலிருந்து மெட்ரோவில் லோங்யாங் ரோடு வந்து, மாக்லெவ் டிக்கெட் எடுத்தோம். அன்றைக்கே விமான டிக்கெட் இருந்தால் 50 யுவான் டிக்கெட் 40 தான் என்றதும் சித்தப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெட்டிக்குள் கதவுக்கு மேலே வேகம் எண்களாக ஓடுகிறது. நூறு, நூற்றைம்பது, இருநூறு... சித்தப்பா வெளியே பார்க்கவே இல்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். 300 வந்தது. நின்றது. அப்படியே இருந்தது. பிறகு குறைய ஆரம்பித்தது.

2021-லிருந்து அதற்கு மேல் ஓட்டுவதில்லை என்று நான் விளக்கினேன்.

சித்தப்பா கையிலிருந்த டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"431-ன்னு சொல்லித்தானடா விளம்பரம் பண்ணினான்? மிச்சம் 131-ஐ யாருகிட்ட கேக்குறது?"