மாசி மகமும் மறுகரைச் சந்தையும்

விருத்தாசலத்தில் மாசி மகம் என்றால் மணிமுத்தா நதிக்கரையில் ஜனசமுத்திரம்தான். 2025 மார்ச் 12-ஆம் தேதி நாமும் அதில் ஒரு துளியானோம். பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு, அவ்வூருக்குப் பேர் வாங்கித் தந்த பீங்கான் பொம்மைகளில் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டோம். இரண்டு நாளில் வேறொரு திருவிழாவுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே வெறுங்கையுடன் போகலாகாதென்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தார்.

அதுதான் கச்சத்தீவு அந்தோணியார் உற்சவம். ரயிலில் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். பாம்பனில் புதிய ரயில் பாலம் அடுத்த மாதந்தான் திறக்கப்பட்டது. ஆகையால் ராமேசுவரத்துக்கு பஸ். பிறகு பதிவு, சோதனை, மறுபடியும் சோதனை, கடைசியாக விசைப்படகு. நம் வயிறு கடலோடு நடத்திய விவாதத்தை இங்கே வர்ணிக்காமல் விடுகிறோம்.

தீவு 285 ஏக்கர்தான். குடிக்க நல்ல நீரில்லை, குடியிருப்பவர்களும் இல்லை. 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி அது இலங்கையைச் சேர்ந்தது. ஆனால் இந்திய யாத்திரிகர்கள் விஸா இல்லாமலே வரலாம் என்பதும் அதே ஒப்பந்தத்தின் ஷரத்து. வெள்ளி மாலை கொடியேறியது. சிலுவைப் பாதையில் இரு கரை மக்களும் கலந்து நடந்தார்கள். கேட்ட பிரார்த்தனையெல்லாம் தமிழ். உச்சரிப்பில்தான் கொஞ்சம் பேதம்.

முன்காலத்தில் இது பெரிய சந்தையாகவும் இருந்ததாம். இங்கிருந்து புடவையும் லுங்கியும் போகும்; அங்கிருந்து தேங்காய் எண்ணெயும் சோப்பும் வரும். போர்க்காலத்தில் திருவிழாவே பல வருஷங்கள் நின்றிருந்தது. இப்போது வியாபாரம் பெயரளவுதான். நம் பொம்மையை நெடுந்தீவு அம்மாள் ஒருவரிடம் கொடுத்தோம்.

"எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டவர், பனம்பழச் சாற்றைப் பாயில் உலர்த்திச் செய்த பனாட்டைக் கை நிறையத் தந்தார். லாபம் நமக்கே என்று சொல்வோம்.

இரவில் அவர் கணவரும் ராமேசுவரத்து மீனவர் ஒருவரும் மணலில் உட்கார்ந்து பேசினார்கள்.

"உங்கட இழுவைப் படகு வந்தால் எங்கட வலை மிச்சமில்லை" என்றார் அவர்.

"எங்க ஆளுங்க ஜெயில்ல கிடக்கிறாங்களே அண்ணே" என்றார் இவர்.

சக மீனவர்கள் சிறைப்பட்டதைக் கண்டித்து 2024-இல் ராமேசுவரத்தார் இந்த விழாவுக்கே வராமல் இருந்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் இருவரும் சந்திக்கவில்லையாம். வழக்கு அன்றிரவும் தீரவில்லை. ஆனால் வலை கிழிந்தவரும் படகு இழந்தவரும், நடுவில் கடற்படை நில்லாமல், நேருக்கு நேர் பேச அதைவிட நல்ல இடம் நமக்குத் தென்படவில்லை.

சனிக்கிழமை பூசை முடிந்ததும் படகுகள் இரண்டு திசையிலும் புறப்பட்டன. பனாட்டு ராமேசுவரம் சேருவதற்குள்ளேயே தீர்ந்துபோயிற்று.