மூன்று முறை விழுந்து, நான்காம் முறை எழுந்த கோவில்... புதுச்சேரி மிஷன் வீதியில் கிடைக்கும் 'சமாதானம்'!

மாலை ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி மிஷன் வீதியில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே அமைதிக்கும் நமக்கும் ரொம்ப தூரம். ஆட்டோ ஹாரன், துணிக்கடை வாசல் கூட்டம், வார இறுதிக்கு வந்த டூரிஸ்ட்டுகள், நிறுத்த இடம் தேடி அலையும் டூவீலர்கள். இந்த இரைச்சலுக்கு நடுவேதான் ஜென்மராக்கினி மாதா பேராலயம் நிற்கிறது. ஊர்க்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள். 'சம்பா கோவில்' என்றால் உடனே கை காட்டுவார்கள்.

நெல்லுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. இயேசு சபை குருக்களின் 'சான் பவுல்', அதாவது புனித பவுல், தமிழ் நாக்கில் உருண்டு 'சம்பா' ஆகிவிட்டது. கடற்கரைப் பக்கம், துய்மா வீதியில் இருக்கும் தேவாலயம் 'கப்ஸ் கோவில்' ஆனதும் இப்படித்தான். அது கப்புச்சின் சபைத் துறவிகளின் கோவில். அன்று பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆன்மிகப் பணி செய்தவர்கள் கப்புச்சின்கள், தமிழர்களுக்கு இயேசு சபையினர்.

உள்ளே போனால் சத்தம் குறையும், முழுசாக நிற்காது. ஹாரன் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதைப் பொருட்படுத்தாமல் பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பலர் கையில் ஜெபமாலை இருக்கும், சிலர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவர். பொட்டு வைத்த பெண்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவதும் புதுச்சேரியில் சாதாரணக் காட்சி.

இவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கதை அவ்வளவு நிம்மதியானது இல்லை. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் பண உதவியோடு 1692-ல் இங்கே முதல் கோவில் கட்டப்பட்டது. மறுவருடமே ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். அவசரமாக எழுப்பிய இரண்டாவது கோவிலும் நீண்ட நாள் நிற்கவில்லை. 1728 முதல் 1736 வரை பார்த்துப் பார்த்துக் கட்டியது மூன்றாவது கோவில். 1761-ல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தபோது, நகரத்தோடு சேர்த்து அதையும் தரைமட்டமாக்கினார்கள்.

திரும்பி வந்த மக்கள் 1765-ல் ஒரு கொட்டகை போட்டு வழிபட்டார்கள். 1770-ல் இப்போதைய கோவிலின் வேலை ஆரம்பமானது. பாதி வேலையில், 1778-ல், ஆங்கிலேயர்கள் மறுபடியும் ஊரைப் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து 1791 ஜூன் 20-ம் தேதி கோவில் அர்ச்சிக்கப்பட்டது. அதே இரவுதான் பாரிஸில் பதினான்காம் லூயியின் வாரிசான பதினாறாம் லூயி, புரட்சிக்குப் பயந்து குடும்பத்தோடு மாறுவேடத்தில் அரண்மனையை விட்டு ஓடினார். அந்தச் செய்தி கப்பலேறி வர மாதக்கணக்காகும். அன்றைக்கு மிஷன் வீதியில் முழந்தாளிட்டிருந்த யாருக்கும் தங்கள் ராஜாவின் கதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இடிபட்டது மட்டும்தான் இந்த இடத்தின் வரலாறா என்றால், இல்லை. இதன் அருகிலேயே வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகை நடந்தபோது, கவர்னர் துப்ளேக்ஸின் ஆட்சியில் அது இடிக்கப்பட்டது. இயேசு சபைக் குருக்களுக்கு அதில் இருந்த பங்கை, துப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். பிறகு காந்தி வீதியில் அந்தக் கோயில் மறுபடியும் எழும்பி, இன்றும் விளக்கு எரிகிறது. 1761-ல் தங்கள் கோவில் இடிந்ததைப் பார்த்த கிறிஸ்தவர்களில் யாருக்காவது 1748 ஞாபகம் வந்திருக்குமா?

அதே நாட்குறிப்பில், 1745-ம் வருடக் குறிப்பு ஒன்று இன்னும் முக்கியமானது. அன்றிருந்த சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும், மறுபக்கம் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள். ஒருநாள் மறுபக்கத்து மக்கள் திரண்டு குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, கடவுள் பாரபட்சம் பார்க்காதவர் என்றால் எங்களுக்கு மட்டும் எதற்கு இந்தச் சுவர் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று பட்டதால் சுவர் இடிக்கப்பட்டது. ஊரில் பெரும் சலசலப்பு கிளம்பியது. சுவர் போனதும் பாகுபாடும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சம உரிமை கேட்கும் தலித் கிறிஸ்தவர்களின் குரல் திருச்சபைக்குள் இன்றைக்கும் ஒலிக்கிறது. ஆனால், இந்த வளாகத்தில் நடந்த இடிப்புகளிலேயே கொண்டாட வேண்டியது அந்த ஒன்றுதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அமைதியைவிட அதிகம் சொல்லும் வார்த்தை 'சமாதானம்'. வீட்டில் சண்டை போட்ட அண்ணன் தம்பி சேர்ந்தாலும் நாம் அதைத்தானே சொல்கிறோம்? திருப்பலியில் நற்கருணைக்கு முன்னால் ஒரு நிமிடம் வரும். எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திரும்பி, கைகூப்பி சமாதானம் சொல்வார்கள். முன்பின் தெரியாதவராக இருக்கலாம், பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரராகவும் இருக்கலாம். தள்ளி உட்கார்ந்து தப்பிக்க முடியாது.

2020-ல் அந்தக் கைகூப்பலுக்கும் வழியில்லாமல் போனது. ஊரடங்கில் கோவில் கதவுகள் மூடியிருக்க, ஏப்ரல் 12-ம் தேதி ஈஸ்டரைக் குடும்பங்கள் செல்போன் திரையில் பார்த்தன. அதற்கு முன்பு 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி. கடற்கரைச் சாலையின் கல் அரண் நகரின் மையத்தைக் காத்தது, மீனவக் கிராமங்கள்தான் அடி வாங்கின. 2011-ல் 'தானே', 2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்'. ஃபெஞ்சல் கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டி, தெருக்களில் படகு விட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்ததும் சகதியைக் கழுவிவிட்டு, மக்கள் அவரவர் கோவிலுக்குப் போனார்கள்.

நேரம் இருந்தால், ரயில் நிலையம் அருகே இருக்கும் தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவையும் பார்க்கலாம். 1907-ல் திறக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமான கோதிக் கட்டடம். புனிதர்களின் உருவம் தீட்டிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வழியே வெயில் இறங்கும் காலை நேரம் அங்கே அழகு. கப்ஸ் கோவிலில் பிரெஞ்சிலும் திருப்பலி நடக்கும். போட்டோவுக்கு இந்த இரண்டும்தான் பொருத்தம். வழிபாட்டு நேரத்தில் மட்டும் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

சம்பா கோவிலில் மாலைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. சற்று முன் ஒருவருக்கொருவர் கைகூப்பியவர்கள், இப்போது மிஷன் வீதியில் ஸ்கூட்டரை எடுக்க வழி கேட்டு ஹாரன் அடிக்கிறார்கள். வெள்ளைப் புடவை கட்டிய பாட்டி ஒருவர் படியிறங்கத் தயங்கி நிற்கிறார். ஹாரன் அடித்த இளைஞர் ஒருவர் வண்டியை அப்படியே ஸ்டாண்டு போட்டுவிட்டு, அவர் கையைப் பிடிக்கப் போகிறார். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் முணுமுணுத்தபடியே காத்திருக்கிறார்.