பூதக்கண்ணாடி சொன்ன பாடம்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. லேத் மெஷினைப் பற்றி எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எனவே எங்கள் தோப்பில் நடந்ததையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ஒன்றரை ஏக்கர், நூறு தென்னை. அந்த மரங்கள்தான் வீட்டுக்குச் சோறு, எனக்கு ஃபீஸ். 2016-ல் எங்கள் வட்டாரத்துக்கு வந்த சுருள் வெள்ளை ஈ, நான் ஒன்பதாவது படித்த 2022-ல் எங்கள் தோப்பிலும் பெருகிவிட்டது. ஓலையின் அடியில் சுருள் சுருளாகக் கோலம் போட்டது போல முட்டை. ஈ கழிக்கிற இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே கரி பூசினாற்போல் ஆகிவிட்டது.

அப்பா மருந்துக் கடைக்கு ஓடினார். "அடிச்சா ஒரே வாரத்துல போயிருமுங்க" என்றார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மருந்து, பவர் ஸ்பிரேயர் வாடகை, ஆள் கூலி என்று பணம் கரைந்தது. ஈ குறைந்தது உண்மைதான். ஆனால் ஒரு மாதத்தில் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது! அப்பா மறுபடியும் அடிக்கக் கிளம்பினார். அம்மா கையிலிருந்த வளையலைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஆழியாறு நகரில் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி என்று தகவல் வந்தது. "படிச்சவங்க பேசுவாங்க, டீ குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. அதுல ஈ போயிருமாக்கும்?" என்று அப்பா சலித்துக்கொண்டார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கையில் எங்கள் தோப்பு ஓலை ஒரு துண்டு.

பாடம் நடத்திய அம்மா எடுத்த எடுப்பிலேயே, "தயவுசெய்து மருந்து அடிக்காதீங்க" என்றார். அப்பா எழுந்துவிட்டார். "ஏனுங்கம்மா, மரம் சாகறதைப் பார்த்துட்டுச் சும்மா உக்காரச் சொல்றீங்களா?"

அவர் கோபப்படவில்லை. எங்கள் ஓலையை வாங்கி, பூதக்கண்ணாடியை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"கூட்டுப்புழு ஓட்டைப் பாருங்கண்ணா. இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி கிழிஞ்சிருந்தா வெள்ளை ஈ வெளியே போயிருக்கு. வட்டமா ஓட்டை இருந்தா உங்க சிநேகிதன் வெளியே வந்திருக்கான்னு அர்த்தம்."

அந்தச் சிநேகிதன் பெயர் என்கார்சியா. கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் வளர்ந்து அதைத் தின்றுவிட்டு வெளியே வரும். நாங்கள் அடித்த மருந்து அதையும் சேர்த்துக் கொன்றிருந்தது. அதனால்தான் ஈ தடையில்லாமல் பெருகியது.

அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல, "ரெண்டு வட்டம் இருக்குதுங்க" என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். அதன்பின் அவர் மருந்துக் கடைப் பக்கம் போகவில்லை.

ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் மஞ்சள் ஷீட் வெட்டி, விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு இடையே கட்டினோம். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினோம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை. அது காய்ந்து உதிரும்போது கறுப்பையும் சேர்த்துக்கொண்டு உதிர்ந்தது. குளவி இருக்கும் ஓலைத் துண்டுகளை நிலையத்தில் வாங்கி வந்து எங்கள் ஓலைகளில் குத்தி வைத்தோம். மாயம் ஒன்றும் நடக்கவில்லை நண்பர்களே! ஈ அடியோடு ஒழியவும் இல்லை. ஆனால் புதுக்குருத்துகள் பச்சையாக வந்தன. சங்கிலியை மீட்க இரண்டு வருடம் ஆயிற்று.

போன வருடம் நம் விடுதித் தென்னைகளிலும் அதே கறுப்பு. மருந்து அடிக்கப் பேச்சு நடந்தது. நாட்டு நலப்பணித் திட்டத் தம்பிகள் ஆறு பேரைக் கூட்டிப்போய்ப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வட்டத்தைப் பார்த்தவர்களே மஞ்சள் ஷீட்டும் கட்டினார்கள். இப்போது ஞாயிறுதோறும் எண்ணெய் தடவுவது அவர்கள்தான்! "மெக்கானிக்கலுக்கு எதுக்குடா தோட்ட வேலை?" என்று கேலி செய்தவர்களும் ஏணி பிடிக்க வந்தார்கள்.

1974-ல் நம் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கும் மேல் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் ஊரில் பலர் அந்த வாசலை இன்னும் மிதிக்கவில்லை. "நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை?" என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்துக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு சங்கிலி.

நம்மில் பாதிப்பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். லீவில் ஊருக்குப் போகும்போது அப்பாவையோ, பக்கத்துத் தோட்டத்து மாமாவையோ ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்பார்கள். விடாதீர்கள். கையில் ஒரு துண்டு ஓலை மட்டும் இருக்கட்டும்.