படத்தின் கீழுள்ள வரி

ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. எந்தப் படத்தைக் கண்டாலும் கண் முதலில் அதன் கீழுள்ள வரிக்கே செல்லும். சில ஆண்டுகளுக்கு முன்னர் பாரிசில் பழைய படங்கள் விற்கும் கடையொன்றிலும் அவ்வாறே நேர்ந்தது.

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, வண்ணம் தீட்டிய படம். ஈமு பறவைகள் இரண்டும் குஞ்சுகளும். நியூ ஹொலண்ட் கசோவரி என்பது தலைப்பு. அவுஸ்திரேலியாவின் அந்நாளைய பெயர் அது. பறவைகளை ஆண், பெண் எனக் குறித்திருந்தனர்.

வீடு திரும்பிய பின்னரே அதன் கதையைத் தேடிப் படித்தேன். 1800 இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட நிக்கொலா போதனின் ஆய்வுப் பயணத்தில் பிறந்த படம். வரைந்தவர் லெசுயர். பீரங்கி உதவியாளராகக் கப்பலேறியவர்; நியமனம் பெற்ற ஓவியர்கள் மொரீசியசில் இறங்கிவிடவே தூரிகை இவரிடம் வந்தது. (பத்திரிகைகளிலும் இவ்வாறு வந்தவர்களே பலவேளை நிலைத்தனர்.)

கிங் தீவிலும் கங்காரு தீவிலும் பெருநிலத்து ஈமுவைவிடச் சிறிய ஈமுக்கள் வாழ்ந்தன. அவற்றை உயிரோடு கொண்டுசெல்ல விரும்பிய போதன், அதிகாரிகளின் அறைகளையே விலங்குகளுக்கு ஒதுக்கி அவர்களது பகையைத் தேடிக்கொண்டார். உண்ண மறுத்த ஈமுக்களுக்குச் சோற்றை உருட்டி ஊட்டினர். நோயுற்றவற்றுக்கு வைனும் சீனியும் கொடுத்தனர். போதன் 1803 இல் மொரீசியசில் இறந்தார். பறவைகள் சில பிரான்ஸ் போய்ச் சேர்ந்தன.

1807 முதல் வெளிவந்த பயண நூலில், இயற்கையியலாளர் பெரோன் அனைத்தையும் ஒரே இனமாகவே கொண்டார். படத்தில் ஆணும் பெண்ணுமாக நிற்பவை உண்மையில் இருவேறு தீவுகளின் பறவைகள் என்பதே பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. கங்காரு தீவுப் பறவைக்குத் தனிப்பெயர் கிடைத்தது 1984 இல்தான்.

நானும் ஒருமுறை மரண அறிவித்தல் பக்கத்தில் இருவரின் படங்களுக்குப் பெயர்களை மாற்றி இட்டவன். பத்திரிகை வெளியான அன்று காலையிலேயே உறவினர்கள் வாசலில் வந்து நின்றனர். மறுநாள் திருத்தம் போட்டோம்.

கிங் தீவு ஈமுக்களைக் கடல்நாய் வேட்டைக்காரரும் அவர்களது நாய்களும் சில ஆண்டுகளிலேயே தின்று தீர்த்துவிட்டனர். கங்காரு தீவிலும் 1827 அளவில் எவையும் மிஞ்சவில்லை. பிரான்ஸ் சேர்ந்தவற்றில் கடைசி இரண்டும் 1822 இல் பாரிசில் இறந்தன.

அன்று கடைக்காரர் படத்தைக் காட்டி, அழகான தம்பதி என்றார். நானும் தலையசைத்தேன்.